தள்ளி உக்காரு, முடி விழும்

எங்கள் வீட்டில் மகாராணி என்று ஒருத்தி இருக்கிறாள். நான்கு கால், சாம்பல் நிறம், ஒரு காது நுனியில் கிழிசல். பெயர் நான் வைத்தது. என் மனைவி அவளைச் சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள், ஏதோ தானே பெற்றெடுத்தவள் மாதிரி. மனைவி இருந்தவரை இந்த வீட்டில் முதலிடம் அவளுக்கு, அடுத்தது பூனைக்கு, அதற்கடுத்தது துணி துவைக்கும் மிஷினுக்கு, அப்புறம்தான் எனக்கு. குறையாகச் சொல்லவில்லை. வரிசை தெரிந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை கிடையாது.

மனைவி போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மகாராணி ஒரு படி ஏறி முதலிடத்துக்குப் போய்விட்டாள். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

கீழே என் சலூன், மேலே வீடு. பகல் முழுக்கக் கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிவிட்டால் போதும், வாயே திறக்காத மனுஷன்கூட மாமியார் கதையை ஆரம்பித்துவிடுவான். சாயங்காலம் தரையில் கிடக்கிற முடியைக் கூட்டி அள்ளி, ஷட்டரை இறக்கிவிட்டு மாடி ஏறினால் அத்தோடு சரி. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் காதில் விழுகிற ஒரே சத்தம், ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கிற, மகாராணி குடிக்கிற தண்ணீர் மிஷினுடைய சத்தம்தான். மெல்லிய ரீங்காரம், அதன்மேல் சலசலவென்று தண்ணீர். அது கேட்டால் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். யாரும் இல்லை என்பது விளக்கைப் போட்ட பிறகுதான் உறைக்கும்.

அதை வாங்கி அனுப்பியவன் மகன். மகாராணிக்குக் கிண்ணத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர் ஆகாது. எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதை குறைந்த சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். தண்ணீர் ஓட வேண்டும், ஓடினால்தான் குடிப்பாள். இவளுக்காக என் மனைவி வேளாவேளைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, மகன் இந்த ஊற்றை அனுப்பி வைத்தான். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பாத்திரம், நடுவில் ஒரு பூ, பூவிலிருந்து பொங்கி வழிகிற தண்ணீர். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மோட்டார், தண்ணீரை வடிகட்ட ஒரு பஞ்சு, ஒரு கரி ஃபில்டர். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அது வந்த நாளிலிருந்து என் மனைவி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழற்றிக் கழுவுவது அவள் வேலை. நான் பேப்பர் படிக்கிற நேரம் அது. சமையலறையிலிருந்து தேய்க்கிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கழுவி முடித்து, தண்ணீர் நிரப்பி, ஓடவிட்டு, தானும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அந்த மிஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கூந்தலை உதறி வெயிலில் காயப்போடுவாள். ஒரு பக்கம் இவள் சீவிக்கொண்டிருக்க, மறுபக்கம் மகாராணி நாக்கால் தண்ணீரை நக்கிக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்வேன்.

"தள்ளி உக்காரு, முடி விழும்."

"விழுந்தா விழட்டும். உங்க கடையில விழாத முடியா?"

வாராவாரம் இதே பேச்சு, இதே பதில். ஒரு தடவைகூட அவள் தள்ளி உட்கார்ந்ததில்லை.

அவள் முடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ தலைகளைப் பார்த்த கை இது, ஆனால் அவள் தலையில் கத்திரி வைக்க விட்டதேயில்லை. ஊர்த் தலையெல்லாம் வெட்டுங்கள், என் தலையில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பாள். நுனி பிளந்திருக்கிறது, கொஞ்சம் சமன் செய்துவிடுகிறேன் என்று கத்திரியை எடுத்தால் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடுவாள். சாயம் போட மட்டும் சம்மதிப்பாள். கடை அடைத்த பிறகு கீழே இறங்கி வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து, நல்லாப் போடுங்க, காசு குடுக்கிறேன் என்று அதட்டுவாள். தனிக்கறுப்பு அவள் முகத்துக்கு ஒட்டாது. கறுப்பில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து நானே ஒரு நிறம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தக் கலவையை வேறு யாருக்கும் நான் போட்டதில்லை. உடம்பு முடியாமல் போனபோது, போதும், இனிமேல் வேண்டாம் என்றாள். அதன்பிறகு அடியிலிருந்து வெள்ளை எழும்பியது.

அவள் போன பிறகு மருமகள் வந்து வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தாள். நல்ல பெண். கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. மாமா பார்த்துப் பார்த்து வருத்தப்படக் கூடாது என்று துணிமணியெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டாள், தலையணை உறைகளைத் துவைத்துவிட்டாள், சீப்பையும் பிரஷ்ஷையும் தூக்கிப் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்து நான் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு ஓடினேன். தொட்டி காலியாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மூட்டை மூட்டையாக முடியை அள்ளிக் கொட்டியவன், தன் பெண்டாட்டியின் முடி ஒன்றுகூட இல்லாமல் தெருவில் நின்றேன். அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மகனுக்கு நான் தனியாக இருப்பது பிடிக்கவில்லை. வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, திரைச்சீலைகூட மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடியிருப்பில் வளர்ப்புப் பிராணி கூடாது. மருமகளுக்கும் பூனை முடி பட்டால் தும்மல் நிற்காது. நான் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பூனை உன் அம்மா வளர்த்தது, அது இருக்கிற வரை நான் எங்கேயும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரிப்பா, அது இருக்கிற வரைக்கும் என்றான். மகாராணிக்கும் வயதாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் கடைசியில் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்பான். பாசத்தில் கேட்கிறானா, நாள் பார்க்கிறானா என்று எனக்கு விளங்குவதில்லை.

உண்மையைச் சொன்னால் அவன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. வேளைக்குச் சோறு, பேச ஆள், பேத்தியின் கொஞ்சல். ஆனால் அந்த ஜன்னலோரம் அங்கே இருக்காது. இங்கே தரையில் அவள் உட்கார்ந்த இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் நானும் அவளைத் தூக்கிப் போட்ட மாதிரிதான். அதனால் மகாராணி இருந்தாக வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பது வேறு விஷயம்.

ஆகாது என்றால் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. நான் சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். மடியில் ஏற மாட்டாள். தொட்டால் எழுந்து நகர்ந்து உட்காருவாள். சாயங்காலம் நான் படியேறி வரும்போது கதவுப் பக்கம் ஓடி வருவாள், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள், யாரும் இல்லை என்றதும் திரும்பிப் போய்விடுவாள். இத்தனை நாளாகியும் அந்தப் பார்வை நிற்கவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். வர மாட்டாடி, எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று சொல்லத் தோன்றும்.

மிஷினைக் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சுத்தத்துக்குப் பேர் போனவன். பாத்திரத்தைத் தேய்ப்பேன், பூவைத் தேய்ப்பேன், ஓரத்தில் படிகிற வழவழப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பேன், மகன் அனுப்புகிற ஃபில்டரை வேளாவேளைக்கு மாற்றுவேன். கடையில் கண்ணாடி துடைக்கிற மாதிரி வெளிப்புறம் பளபளவென்று இருக்கும். மோட்டாரை மட்டும் குழாயடியில் காட்டி ஒரு உதறு உதறி வைத்துவிடுவேன். அது ஒரே கட்டியாக வார்த்தது, உள்ளே திறக்க ஒன்றும் இல்லை என்று என் நினைப்பு. தண்ணீருக்குள் கிடந்து கரண்டில் ஓடுகிற பொருளை எவனாவது திறக்கிற மாதிரி செய்வானா என்பது என் கணக்கு.

இந்த மழைக்காலம் தொடங்கியபோது அந்த ரீங்காரம் மாறியது. முதலில் உறுமல், அப்புறம் கடகடப்பு. பூவில் பொங்கிய தண்ணீர் இளைத்து, கடைசியில் வேர்வை மாதிரிக் கசிந்தது. தண்ணீர் குறைவோ என்று நிரப்பிப் பார்த்தேன். ஃபில்டரை மாற்றிப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். கடையில் முடி வெட்டுகிற மிஷின் இப்படித்தான் உறுமும். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிளேடில் ஒரு சொட்டு விட்டால் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடும். என் தொழிலில் இது அரிச்சுவடி. கீழே போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, மோட்டாரில் தண்ணீர் நுழைகிற ஓட்டையில் ஒரு சொட்டு விட்டேன். போதாது என்று தோன்றவே இன்னும் ஒன்றிரண்டு. ஓடவிட்டேன். கடகடப்பு குறைந்தது, தண்ணீரும் கொஞ்சம் எழும்பியது. ஆள் வைத்து ரிப்பேர் பார்க்காமல் நானே சரி செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மகாராணி வந்தாள். முகர்ந்தாள். முன்னங்காலை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டாள்.

தலைக்கனம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தால் மேலே வானவில் மாதிரி ஒரு படலம். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே படலம். எண்ணெய் பஞ்சிலும் ஃபில்டரிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. குளியலறைக்குத் தூக்கிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், என் கையைக் கீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். முன்பானால் தானே தாவி ஏறிக் குடிப்பாள், இப்போது அந்த உயரம் அவளுக்கு எட்டாது. விரலை நனைத்து வாயருகே கொண்டுபோனேன். விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைகீழாக நின்றாலும் என் கையிலிருந்து குடிக்கப் போவதில்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்த நாள் சாப்பாட்டையும் தொடவில்லை. நான் படியேறி வந்தபோது கதவுப் பக்கம் வரவும் இல்லை. எப்போதும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற அந்தப் பார்வை அன்றைக்கு இல்லை. ஒரு துணிப்பையில் அவளை வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. மகாராணியின் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டாள். தோல் உடனே பழைய இடத்துக்குத் திரும்பாமல் கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை என்றாள். வயதான பூனை, சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம், இப்படி விட்டால் தாங்காது என்றாள். தோலுக்கு அடியில் ஊசியால் நீரேற்றினாள். இது இன்றைக்கு ஓட்டத்தான், நாளைச் சாயங்காலத்துக்குள் அவளாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே சேர்க்க வேண்டியிருக்கும், அப்புறம் என்னால் உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றாள். பிறகு வீட்டில் புதிதாக ஏதாவது மாறியதா என்று கேட்டாள்.

ஒன்றும் மாறவில்லை, தண்ணீர் மிஷின் கொஞ்சம் மக்கர் செய்தது, எண்ணெய் விட்டுச் சரி செய்துவிட்டேன் என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எண்ணெயா? குடிக்கிற தண்ணியிலயா?"

"முடி வெட்டுற மிஷினுக்கு விடுறதுதாம்மா. நல்ல எண்ணெய்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டாள். அந்த மோட்டாருக்கு எண்ணெயே தேவையில்லை, தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் என்றாள். தன் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறதாம். பஞ்சையும் ஃபில்டரையும் தூக்கிப் போட்டுவிடச் சொன்னாள். மற்றதையெல்லாம் சோப்பு போட்டு, வாசனையே இல்லாமல் அலசி, உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கச் சொன்னாள். அப்புறம் மோட்டாரைத் திறந்து கழுவுகிறேனா என்று கேட்டாள்.

"அது திறக்குமா?"

"முன்னாடி மூடியை நகத்தால நெம்புனா வந்துரும். உள்ள குட்டியா ஒரு விசிறி இருக்கும். அதுல முடி சுத்திருக்கும், பாருங்க. எல்லா வீட்டுலயும் அதுதான் பிரச்சினை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மூஞ்சியில் ஈயாடவில்லை. முடி. என் பிழைப்பே முடி. அது அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, மிஷினைக் கீழே கொண்டுபோனேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும். மகாராணியை மேலே தனியாக விட மனசில்லை. அவளையும் தூக்கிப் போய் நாற்காலி ஒன்றில் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். சவரத்துக்கு வந்த பென்ஷன்காரர் பூனைக்கு முதலில் வெட்டிவிடு, நான் காத்திருக்கிறேன் என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. கடை இல்லை ஐயா, அப்புறம் வாருங்கள் என்றேன். மனுஷர் என் முகத்தைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பாத்திரத்தையும் பூவையும் கழுவி, கையை முகர்ந்து முகர்ந்து பார்த்து, எண்ணெய் வாடை போகிறவரை அலசினேன். பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டேன். மோட்டாரை எடுத்து மூடியை நகத்தால் நெம்பினேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியே வந்துவிட்டது. அதற்கடியில் இன்னொரு வளையம், அதுவும் வந்தது. உள்ளே அழுக்குப் பிடித்த ஒரு குழி. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தேன். காந்தம் விடாமல் பிடித்துக்கொண்டது. அசைத்து அசைத்து இழுத்ததும் விசிறி வெளியே வந்தது. உருளையாக ஒரு காந்தம், அதன் தலையில் குட்டி இறக்கைகள், நடுவே ஒரு அச்சு. அச்சைச் சுற்றி மகாராணியின் முடி கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது.

இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தேன். பூனை முடி தெரிந்ததுதான், குட்டை, மெல்லிசு, இழுத்தால் பஞ்சாகக் கையோடு வரும். எல்லாம் வந்த பிறகும் அச்சில் ஏதோ ஒன்று வரவில்லை. அது நூல் மாதிரி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. கடை விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

நீள முடி.

ஒரு சுற்றைத் தளர்த்தி நுனியை விளக்கில் பிடித்தேன். கறுப்பில் கொஞ்சம் பழுப்பு. என் கை கலந்த நிறம், உலகத்தில் வேறு ஒருத்தி தலையிலும் இல்லாத நிறம். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். இன்னும் ஒரு சுற்றைத் தளர்த்தினேன். அந்தப் பழுப்பு ஓரிடத்தில் நின்று, அதற்கப்புறம் வெள்ளை. போதும், இனிமேல் வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகு எழும்பிய வெள்ளை. அப்படியானால் உடம்பு முடியாமல் இருந்த நாட்களிலும் அவள் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே யாருடைய தலையையோ வெட்டிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போன பிறகு அவள் முடி ஒன்றுக்காக எங்கெல்லாம் அலைந்தேன். குப்பைத் தொட்டியில் தேடினேன், அலமாரியில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் விளக்கடித்துத் தேடினேன். அதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இது ஜன்னலோரத்தில் தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மோட்டாரைத் திறந்து கழுவத் தெரிந்தவனாக நான் இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே கண்ணால்கூடப் பார்க்காமல் குழாயடியில் அடித்துக்கொண்டு போகவிட்டிருப்பேன். என் முட்டாள்தனம்தான் அதை இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்திருக்கிறது.

முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சுற்றுச் சுற்றாக, இடுக்கியால் தூக்கி, ஊசியால் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். சவரத்தில்கூட இவ்வளவு நிதானம் எனக்கு வந்ததில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், போய்விட்டார்கள். முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது. கடைசிச் சுற்று மட்டும் காந்தத்துக்கும் இறக்கைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வெந்நீரில் முக்கிப் பார்த்தேன். இழுத்தால் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. வெள்ளையில் அறுந்தால் வெள்ளை போகும், நடுவில் அறுந்தால் எல்லாம் துண்டு துண்டாகும்.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். மகாராணி நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தாள். எப்படி இறங்கினாளோ, கால் தள்ளாடியது. நேராகப் போய், நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலிப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அதன் ஓரத்தை நக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் நக்கினாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

நான் கத்திரியை எடுத்தேன். வழக்கமாக வெட்டுகிறதை அல்ல, உறையில் வைத்திருக்கிற நல்ல கத்திரியை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் விட்டதில்லை. கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது கண் முன்னால் வந்தது.

"கோவிச்சுக்காதே," என்றேன். "சின்னவளுக்குத் தண்ணி வேணும்."

வெட்டினேன். சத்தம்கூட வரவில்லை. நீளமான பகுதி வெள்ளையும் பழுப்புமாக முழுசாக என் கையில் வந்துவிட்டது. இடுக்கில் சிக்கிய துணுக்கு அங்கேயே தங்கிவிட்டது. விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. அதை நோண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வாடிக்கையாளர் கழுத்தில் சுற்றுகிற வெள்ளைக் காகிதத்தில் அந்த முடியை வைத்து மடித்து, சாயப் பிரஷ் இருக்கிற இழுப்பறையில் வைத்தேன். விசிறியைப் பொருத்தி, வளையத்தைப் போட்டு, மூடியை அழுத்தி, புதுப் பஞ்சும் ஃபில்டரும் வைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, கடை பிளக்கிலேயே மாட்டினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பூவில் தண்ணீர் பொங்கியது. உறுமல் இல்லை, கடகடப்பு இல்லை, பழைய ரீங்காரம்.

மகாராணி முகர்ந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன், என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம். அவள் மறுபடியும் முகர்ந்தாள். காலை உதறவில்லை. தலையைத் தாழ்த்தி நாக்கை நீட்டினாள். அப்புறம் நிறுத்தவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தாள். என் சலூன் நாற்காலியில் நானே உட்கார்ந்து, கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல், அவள் குடிப்பதைப் பார்த்து அழுதேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படிப்பதில்லை. மிஷினைக் கழற்றுவேன், மோட்டாரைத் திறப்பேன், விசிறியை எடுத்துத் துடைப்பேன். திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். இன்னொன்று எங்கேயாவது மூலையில் ஒட்டிக்கொண்டிருந்து வந்திருக்காதா என்று விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். பூனை முடிதான் இருக்கும். கழுவி மாட்டி ஓடவிட்டு, நானும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஜன்னலோரம் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்காருவேன். மகாராணி பக்கத்தில் குடிப்பாள். மடியில் ஏற மாட்டாள். ஆனால் நகர்ந்து போவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தபோது மகன் கூப்பிட்டான். அது இது பேசிவிட்டுக் கடைசியில் வழக்கம்போலப் பூனையைக் கேட்டான். தண்ணீர் ஒழுங்காகக் குடித்தால் இன்னும் சில வருஷம் இருப்பாள் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அப்பா, தனியா இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமாத்தான் இருக்கு," என்றேன். இதுவரை நான் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. "இருந்தாலும் இங்கதான் இருக்கணும்டா. தண்ணி மாத்தணும்."

அவன் சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இன்று காலையில் மோட்டாரைத் திறந்தேன். அச்சில் கொஞ்சம் சாம்பல் பஞ்சு. அதற்கு நடுவில் வேறு ஒன்று பளிச்சென்றது. எனக்குக் கை நின்றுவிட்டது. இடுக்கியால் மெதுவாக எடுத்து விளக்கில் பிடித்தேன். குட்டை, முழு வெள்ளை, முரட்டு நுனி. நான் கண்ணாடியைப் பார்த்து நானே வெட்டிக்கொள்கிற முடி. வெயிலில் தலை துவட்டும்போது விழுந்திருக்க வேண்டும்.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். தண்ணீர் ஓடியது. குளித்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டினேன். மகாராணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இப்போது சொல்ல வேண்டிய ஆளும் நான்தான், கேட்க வேண்டிய ஆளும் நான்தான்.

"தள்ளி உக்காரு, முடி விழும்," என்றேன்.

சொல்லிவிட்டு, நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.